முதுகுவலியும் கைரோபிராக்டர் முகாமும்: ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

நான் ராமநாதபுரம் கரையோர ஊர்களில் வீடுகளுக்குப் போய்ச் சிகிச்சை தரும் பிசியோதெரபிஸ்ட். கீழே உள்ளது 2024 மாசியில் தொடங்கி 2025 நடுவில் முடிந்த ஒரு நிகழ்வு. அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர், ஊர், முகாம் நடத்திய கைரோபிராக்டர் (முதுகு, கழுத்து மூட்டுகளைக் கையால் அழுத்திச் சீர்செய்பவர்) யார் என்பதெல்லாம் இதில் இருக்காது. முதுகைக் கைவைத்துச் சீர்செய்யும் முறை எதுவுமே கூடாது என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. நானும் அதைப் படித்தவன், தேவைப்படும் இடத்தில் செய்கிறவன். ஒருவர் கையில் முதுகைக் கொடுக்கும் முன் அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதுதான் இங்கே விஷயம்.

பின்னணி

மண்டபத்துக்கு வடக்கே, பாக் நீரிணைப் பக்கம் உள்ள ஊர்களில் பெண்களுக்குப் பாசி வேலைதான், அதாவது கடற்பாசி வளர்த்து அறுப்பதுதான், கையில் காசு பார்க்கும் வேலை. பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி மூங்கில் மிதவை. அதில் குறுக்குக் கயிறுகள் ஒவ்வொன்றிலும் விதைப்பாசியை முடிந்து கடலில் இறக்குவார்கள். ஒரு மிதவைக்குச் சுமார் 60 கிலோ விதை, 45 நாளில் அறுப்பு. விதை கட்டும் நாளில் காலையிலிருந்து மணலில் உட்கார்ந்து குனிந்தபடியே வேலை. அறுப்பு நாளில் இடுப்பளவு தண்ணீரில் நின்று ஈரப்பாசியோடு மிதவையைக் கரைக்கு இழுக்க வேண்டும்.

முதுகுவலி இல்லாத பெண்ணை இந்தக் கரையில் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. யாருக்கு முதுகு வலித்தாலும் 'பாசி வலி' என்று கணக்கில் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். வலித்தவரும் அப்படித்தான், வைத்தியம் பார்ப்பவரும் அப்படித்தான்.

இந்த நிகழ்வில் வரும் அக்காவுக்கு அப்போது வயது 46. கணவர் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, மாப்பிள்ளை துபாயில் இருக்கிறார். பெரிய நோய் எதற்கும் ஆஸ்பத்திரி போன பழக்கம் அக்காவுக்கு இல்லை.

முதல் மூன்று மாதம்

மாசி மாதம் ஒரு அறுப்பு முடிந்த மறுநாள் வலி தொடங்கியிருக்கிறது. முதலில் தைலம். அப்புறம் பக்கத்து ஊர் கிளினிக்கில் ஊசி, வலி மாத்திரை, கால்சியம் மாத்திரை. ஊசி போட்ட இரண்டு நாள் தேவலை, மூன்றாம் நாள் பழையபடி. இடுப்பு பெல்ட் ஒன்று வாங்கினார்கள். சுளுக்கு வழிக்கிற ஒரு பெரியவரிடம் சில தடவை எண்ணெய் போட்டு வழித்துப் பார்த்தார்கள். அந்தப் பெரியவரே கடைசியில், "இது சுளுக்கு மாதிரித் தெரியல தாயி, படம் எடுத்துப் பாருங்க" என்று சொல்லியிருக்கிறார். அவர் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். ஆனால் தன் கைக்கு எது அடங்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இதை இங்கே குறித்து வைப்பதற்குக் காரணம் பின்னால் வரும்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். கீழ் இடுப்புக்குத்தான் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். 'லேசான தேய்மானம்' என்று வந்தது. அந்த வயதில் யாருக்கு எடுத்தாலும் அப்படித்தான் வரும். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்து 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கும் 80 வயதுக்காரர்களில் 96 சதவீதம் பேருக்கும் முதுகெலும்புகளுக்கு நடுவில் உள்ள வட்டுகளில் தேய்மானம் தெரிந்தது. தேய்மானம் என்ற சொல்லைப் பார்த்ததும் வலிக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று வீட்டார் முடிவுகட்டினார்கள்.

முகாம் அறிவிப்பு

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையிலேயே நிற்கும். அக்காவின் கணவர் (அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்) வீட்டில் இருந்தார், வருமானம் இல்லை. அந்த மே மாதத்தில்தான் மாப்பிள்ளை ஒரு வீடியோவை அனுப்பினார். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர், குப்புறப் படுத்திருப்பவரின் முதுகில் இரு கையையும் வைத்து ஒரே அழுத்து அழுத்துகிறார். மைக்கில் 'படக்' என்று கேட்கிறது. படுத்திருந்தவர் எழுந்து சிரிக்கிறார். அதே ஆள் ராமநாதபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு நாள் முகாம் போடுகிறார் என்றும் அதில் இருந்தது. 12 அமர்வு, 15,000 ரூபாய், முன்பணம் 2,000. மாப்பிள்ளை முன்பணத்தைக் கட்டிவிட்டே வீட்டுக்குத் தகவல் சொன்னார். அத்தை படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் செய்தது அது. அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அதே தெருவில் பக்கவாதம் வந்த ஒருவருக்குப் பயிற்சி கொடுக்க நான் போய்வந்துகொண்டிருந்தேன். அண்ணன் என்னை நிறுத்தி, "தம்பி, நாளை மறுநா முகாமாம். போகலாமா, சும்மா காசப் புடுங்குற வேலையா? நீங்க ஒரு வார்த்தை பேசிப் பாருங்களேன்" என்றார். அவருக்கு ஏற்கெனவே ஒரு சந்தேகம் இருந்தது. அந்தச் சந்தேகம் வந்ததே பெரிய விஷயம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

போனில் கேட்டவை

திண்ணையில் உட்கார்ந்து, ஸ்பீக்கரில் போட்டு, அறிவிப்பில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டோம். முகாம் ஒருங்கிணைப்பாளர் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார்.

முதல் கேள்வி, சிகிச்சை தருபவர் என்ன படித்திருக்கிறார், எங்கே, எத்தனை வருடம். "பதினஞ்சு வருஷ அனுபவம் சார், வெளிநாட்டு டெக்னிக்" என்றார். படிப்பு என்னவென்று திரும்பக் கேட்டபோது ஆறு மாத டிப்ளமோ என்று வந்தது.

இந்தக் கேள்வியின் பின்னணியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கைரோபிராக்டிக் முறையை 1895-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டி.டி. பாமர் என்பவர் தொடங்கினார். முதுகெலும்புகள் இடம் பிசகி நரம்பை அமுக்குவதுதான் பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கைக்கு இன்றுவரை ஆதாரம் இல்லை. ஆனால் அமெரிக்காவில் இன்று அது பல வருடப் படிப்பு, மாநில உரிமம் இல்லாமல் தொழில் செய்ய முடியாது. பிரிட்டனில் 1994-ல் இதற்கென்றே சட்டம் வந்து, பதிவு பெற்றவர் மட்டுமே தன்னைக் கைரோபிராக்டர் என்று அழைத்துக்கொள்ளலாம் என்றானது. உலக சுகாதார நிறுவனம் 2005-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், முழுப் படிப்புக்கு நான்கு ஆண்டுகளும் குறைந்தது 4,200 மணி நேர வகுப்பும் வேண்டும் என்கிறது. நம் நாட்டில் கைரோபிராக்டருக்கென்று தனிச் சட்டக் கவுன்சில் இல்லை. பலகையில் அந்தப் பெயரை எழுதிக்கொள்பவர் முறையாகப் படித்து வந்தவராகவும் இருக்கலாம், வீடியோ பார்த்துப் பழகியவராகவும் இருக்கலாம். பலகையை மட்டும் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதனால் இங்கே நோயாளிதான் கேட்டாக வேண்டும்.

இரண்டாவது கேள்வி, கை வைக்கும் முன் என்ன பார்ப்பார். "ஸ்கேன்லாம் வேண்டாம் சார். விரலை வெச்சாலே எங்க லாக் ஆயிருக்குன்னு சொல்லிருவார்."

மூன்றாவது, முதுகுக்கு வருபவருக்குக் கழுத்தையும் திருப்புவாரா. "ஆமா சார், முழு பாடி அலைன்மெண்ட். தலையிலேருந்து கால் வரைக்கும் எல்லாருக்கும் ஒரே பேக்கேஜ்தான்." சலூனில் முடி வெட்டி முடித்ததும் தலையைப் பிடித்துத் திருப்பிச் சொடக்கு எடுக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு, அதனால் இது சாதாரணமாகத் தோன்றும். அப்படி இல்லை. கழுத்து வழியாக மூளைக்குப் போகும் ரத்தக் குழாயின் உட்சுவர் கிழிவது பக்கவாதத்தில் கொண்டுபோய் விடலாம். கழுத்தைத் திடீரெனத் திருப்பும் சிகிச்சைக்கும் இப்படிக் கிழிவதற்கும் தொடர்பு பதிவாகியிருக்கிறது. அதுதான் காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை என்றாலும், செய்யும் முன் நோயாளியிடம் சொல்ல வேண்டும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2014 அறிக்கையில் சொன்னது. அரிதாக நடப்பதுதான். ஆனால் முதுகுவலிக்காக வந்தவர் கழுத்தில் அந்த அரிய ஆபத்தை ஏன் சுமக்க வேண்டும்? இந்தப் பேக்கேஜ் பழக்கத்தை எந்த விளக்கத்தாலும் என்னால் ஏற்க முடியவில்லை.

நான்காவது கேள்விதான் எனக்கு முக்கியம். யார் வந்தால் 'உங்களுக்கு இது வேண்டாம்' என்று திருப்பி அனுப்புவார்? கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் பெருமையாகவே சொன்னார்: "நாங்க இதுவரைக்கும் யாரையும் திருப்பி அனுப்பினதே இல்ல சார்."

அண்ணன் என்னைப் பார்த்தார். அந்த ஒரு பதில் போதும் என்று அவருக்கும் பட்டிருக்க வேண்டும். எலும்பு மெலிந்தவர், புற்றுநோய் வந்தவர், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர், முடக்குவாதத்தில் கழுத்து மூட்டு தளர்ந்தவர், முதுகெலும்பில் கிருமித் தொற்று உள்ளவர், சிறுநீர் கழிக்க முடியாமல் போனவர் என்று முதுகை அழுத்தக் கூடாதவர்களின் பட்டியல் இருக்கிறது. கைத்திறமை இருக்கிறதா என்பதை வெளியிலிருந்து நம்மால் அளக்க முடியாது. யாரைத் தொடக் கூடாது என்று தெரிந்திருக்கிறதா என்பதை ஒரே கேள்வியில் கண்டுபிடிக்கலாம். சுளுக்கு வழிக்கிற பெரியவரிடம் இருந்தது இங்கே இல்லை.

திண்ணையில் பார்த்தது

பேசிக்கொண்டிருக்கும்போதே அக்கா கரையிலிருந்து வந்தார். வாசல் மணலில் நடந்து வரும்போது இடது கால் செருப்பு கழன்று பின்னால் கிடந்தது. அவர் அது தெரியாமலே நாலைந்து அடி நடந்து வந்துவிட்டார். அண்ணன்தான், "செருப்ப எங்க விட்ட?" என்றார். "இப்ப அடிக்கடி இப்படித்தான் தம்பி, கால் மரத்தாப்புல இருக்கு" என்று சாதாரணமாகச் சொன்னார்.

கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வந்தது. வலி ராத்திரி படுத்தால்தான் கூடுகிறது, ஓய்வெடுத்தாலும் குறையவில்லை. இடுப்புக்கு மேலே வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டியது போல ஒரு பிடிப்பு. சாப்பாடு செல்லவில்லை. "ரவிக்கைய ரெண்டு தரம் பிடிச்சுத் தச்சுட்டேன்." சாயங்காலம் லேசாக உடம்பு காய்கிறது. "தண்ணியிலயே நிக்கிறோம்ல, அதான்னு நெனச்சேன்." மூன்று மாதத்தில் பலர் அவரைப் பார்த்திருக்கிறார்கள். காய்ச்சல் உண்டா என்று யாரும் கேட்கவில்லை, அவராகச் சொல்லவும் தோன்றவில்லை. முதுகுக்கும் காய்ச்சலுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

முதுகை மேலிருந்து கீழே விரலால் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தேன். ரவிக்கை முடியும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு எலும்பில் தட்டியதும் கதவு நிலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அந்த இடத்தில் எலும்பு லேசாகப் புடைத்திருந்தது. பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால்தான் தெரியும் அளவுக்கு. முழங்காலில் சுத்தியலால் தட்டியபோது கால் வேண்டியதைவிட வேகமாக எகிறியது. தண்டுவடத்தை மேலே ஏதோ அமுக்குகிறது என்பதற்கான அடையாளம் அது.

பழைய எக்ஸ்ரே படத்தை எடுத்து வரச் சொன்னேன். வலி இருக்கும் எலும்பு அந்தப் படத்தின் மேல் விளிம்புக்கும் மேலே இருந்தது. அதாவது நோய் இருந்த இடம் படத்திலேயே இல்லை.

எடுத்த முடிவு, அதன் காரணம்

முடிவு இரண்டு. முகாமுக்குப் போகக் கூடாது. மறுநாள் காலையே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வேண்டும். 'பார்த்துக்கலாம்' என்று ஒரு வாரம் தள்ளக் கூடாது. சிறுநீர் நின்றாலோ, கால் திடீரென ஓய்ந்தாலோ ராத்திரியே 108-க்குக் கூப்பிட வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தேன்.

முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம் என்பதே என் சந்தேகம். எலும்பைத் தாக்கும் காசநோயில் ஏறக்குறைய பாதி முதுகெலும்பில்தான் வருகிறது. இருமல் இருக்க வேண்டியதில்லை. புற்றுநோயாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. இரண்டில் எதுவானாலும் அந்த எலும்பில் அழுத்தக் கூடாது. நான் சொன்ன உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதலில், முதுகெலும்புக் காசநோய் என்று பெயர் சொல்லியே கைச்சீரமைப்பு கூடாதவர்களின் பட்டியலில் இருக்கிறது. கைரோபிராக்டிக்குக்கு எதிரானவர்கள் எழுதிய பட்டியல் இல்லை அது. அந்தத் தொழில் பாதுகாப்பாக நடக்க வேண்டும் என்பதற்காக எழுதப்பட்டது. அதனால் நானும் அன்று மசாஜோ பயிற்சியோ எதுவும் கொடுக்கவில்லை. சுமை தூக்க வேண்டாம், குனிய வேண்டாம், வண்டியில் பின்னால் உட்கார்ந்து போக வேண்டாம் என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

வீட்டில் இது எளிதாக முடியவில்லை. அக்காவின் கொழுந்தன் குறுக்கே பேசினார்: "எத்தனை பேர் வீடியோல எந்திரிச்சு நடக்குறாங்க. ஒரு தடவை பாத்துட்டுத்தான் ஆஸ்பத்திரி போனா என்ன?" அந்தப் 'படக்' சத்தத்தைத்தான் அவர் சாட்சியாகச் சொன்னார். மூட்டை இழுக்கும்போது உள்ளே இருக்கும் திரவத்தில் வாயுக் குமிழ் உண்டாவதால் வரும் சத்தம் அது. 2015-ல் விரல் மூட்டைச் சொடக்கும்போதே எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். விலகிய எலும்பு இடத்தில் போய் உட்காரும் சத்தம் இல்லை. இதைச் சொல்லியும் அவர் முழுசாக ஏற்கவில்லை. அண்ணனுக்கு வேறு கவலை. "தடைக்காலத்துல ரெண்டாயிரம் போச்சே தம்பி."

அப்போது நான் சொன்னது இதுதான்: கரையான் அரித்த பனஞ்சட்டத்தின் மேல் ஏறி மிதித்தால் கூரை என்ன ஆகும்? உள்ளே அரித்திருக்கிறதா என்று பார்க்காமல் யாரையும் மிதிக்க விடாதீர்கள். அண்ணன் அதற்கு மேல் கேட்கவில்லை. துபாய்க்கு நானே பேசினேன். மாப்பிள்ளைக்கு முதலில் வருத்தம்தான். விவரம் கேட்டபின், "நல்லவேளை சார். ஸ்கேன் செலவு எவ்வளவானாலும் நான் பாத்துக்கிறேன், அத்தைய நாளைக்கே கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க" என்றார்.

அன்று ராத்திரி முகாம் நடத்துபவரே என்னைக் கூப்பிட்டார். ஒருங்கிணைப்பாளர் சொல்லியிருக்கிறார் போல. கோபமாகப் பேசவில்லை. ஏமாற்றுக்காரர் என்றும் எனக்குத் தோன்றவில்லை. தன் கையை முழுசாக நம்புகிறவர். "காய்ச்சல் இருக்கான்னு நான் கேக்குறது இல்ல சார், எங்களுக்கு அதச் சொல்லித் தரல" என்று அவர் வாயாலேயே சொன்னார். ஏமாற்றுக்காரரைவிட இப்படிப்பட்டவரிடம்தான் நான் கூடுதலாக எச்சரிக்கையாக இருப்பேன். நம்பிக்கையோடு அழுத்துகிறவர் பாதியில் கையை எடுக்க மாட்டார்.

பரிசோதனை

பக்கவாட்டு எக்ஸ்ரேயிலேயே நெஞ்சு முதுகெலும்பில் பத்தாவதும் பதினொன்றாவதும் சேரும் இடம் சரிந்திருப்பது தெரிந்தது. உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் இ.எஸ்.ஆர். ரத்தச் சோதனை அளவு கூடியிருந்தது. எம்.ஆர்.ஐ.யில் இரண்டு எலும்பும் அரிக்கப்பட்டு, சுற்றிலும் சீழ் கோத்து, தண்டுவடத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஊசி வைத்து எடுத்த சீழை ஜீன் எக்ஸ்பர்ட் சோதனைக்கு அனுப்பினார்கள். காசநோய்க் கிருமி உறுதியானது. ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கட்டுப்படும் வகை. நுரையீரல் சுத்தமாக இருந்தது. கால் பலம் அதிகம் குறையாததால் அறுவைச் சிகிச்சை உடனே வேண்டாம், மருந்து கொடுத்துக் கவனிக்கலாம் என்று எலும்பு மருத்துவர்கள் முடிவெடுத்தார்கள்.

பிறகு நடந்தது

2024 ஜூனில் மருந்து தொடங்கியது. எடை 43 கிலோ, அந்த எடைக்கு உரியபடி தினமும் மூன்று கூட்டு மாத்திரை. முதுகெலும்புக் காசநோய்க்கு ஆறு மாதம் போதாது; இந்தியாவின் 2016 வழிகாட்டுதல் 12 மாதம் என்கிறது, தேவைப்பட்டால் 18 வரை நீட்டலாம். மருந்து தொடங்கியதும் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகவே, ரத்தம் என்று பயந்து அக்கா இரண்டு நாள் மாத்திரையை நிறுத்திவிட்டார். ரிஃபாம்பிசின் நிறம்தான் அது என்று சொன்னபிறகு தொடர்ந்தார். அரசின் ஊட்டச்சத்து உதவி மாதம் 500 ரூபாயாக வந்தது, 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆனது. அது முட்டைக்கும் பயறுக்கும் போனது.

வலியைவிட அவரை வாட்டியது ஊர்ப்பேச்சு. டி.பி. என்று தெரிந்ததும் மகளிர் குழுவில் சிலர் தள்ளி உட்கார்ந்தார்கள். நுரையீரலில் இல்லாத காசநோய் மூச்சிலும் இருமலிலும் பரவாது என்று கிராமச் செவிலியர் குழுக் கூட்டத்துக்கே வந்து சொன்னார். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியானது.

மூன்றாம் மாதம் கால் மரப்பு குறைந்தது. முதுகுப் பட்டையோடு நடக்கத் தொடங்கினார். மூச்சுப் பயிற்சி, கால் பயிற்சி என்று நானும் மெதுவாகச் சேர்ந்துகொண்டேன். ஒரு வருட முடிவில் ஸ்கேன் பார்த்து மருந்தை நிறுத்தினார்கள். எடை கூடியிருந்தது, நடையில் குறை இல்லை. முதுகில் அந்தச் சிறு புடைப்பு அப்படியே இருக்கிறது, இனியும் இருக்கும். மிதவை இழுக்கும் வேலை அவருக்கு இனி இல்லை. விதை கட்டும் வேலையை, பழைய மிதவை மூங்கிலில் இடுப்பு உயரத்துக்கு அண்ணன் அடித்துக் கொடுத்த மேசையில் நின்றபடி செய்கிறார். கூலி முன்னைவிடக் குறைவு. இதை நல்ல முடிவு என்று மட்டும் எழுதிவிட முடியாது. மூன்று மாதம் முன்னதாகப் பார்த்திருந்தால் அந்தப் புடைப்பும் இருந்திருக்காது.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். அந்தக் கொழுந்தன், கட்டிய முன்பணம் வீணாகக் கூடாதென்று தானே முகாமுக்குப் போனார். அவருக்கு வெறும் இடுப்புப் பிடிப்பு. போய்வந்ததும் உடம்பு லேசானது என்றார், இன்றும் அப்படித்தான் சொல்கிறார். அது பொய் இல்லை. சாதாரண இடுப்புவலி பெரும்பாலும் சில வாரங்களில் தானே குறையும். அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2017-ல் வெளியிட்ட பரிந்துரை, மாத்திரைக்கு முன்னால் முயன்று பார்க்கக்கூடியவற்றில் கைச்சீரமைப்பையும் சேர்த்தே சொல்கிறது. நாள்பட்ட இடுப்புவலிக்கு அது மற்ற சிகிச்சைகளைவிடப் பெரிய வித்தியாசம் எதுவும் காட்டவில்லை என்பது 2011-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பின் முடிவு. ஒரே மண்டபம், ஒரே ஆள், ஒரே அழுத்து. கொழுந்தனுக்குச் சுகம் கொடுத்தது அண்ணியின் கால்களை எடுத்திருக்கக்கூடும். அதனால்தான் 'எனக்குச் சரியாச்சு' என்ற சாட்சியை வைத்து இன்னொருவர் முதுகுக்கு முடிவெடுக்க முடியாது.

இனி மாற வேண்டியவை

எங்கள் பக்கத்து மகளிர் குழுக்களில் இப்போது இதைப் பேசுகிறோம். முதுகு, கழுத்து எதற்கானாலும் யாரிடம் போகும் முன்னும், 'யாரை நீங்கள் திருப்பி அனுப்புவீர்கள்' என்று முதலில் கேட்கச் சொல்கிறேன். அது கைரோபிராக்டருக்கு மட்டும் இல்லை, என்னைப் போன்ற பிசியோதெரபிஸ்ட்டுக்கும் சேர்த்துத்தான். தெளிவான பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடலாம். முன்பணப் பேக்கேஜ் கட்ட வேண்டாம். முதல் அமர்வு முடிந்து உடம்பு என்ன சொல்கிறது என்று தெரியாமல் பன்னிரண்டு அமர்வு தேவை என்று யாருக்கும் தெரியாது. இரண்டு நாளில் மண்டபத்தைக் காலி செய்துவிட்டுப் போகிற முகாமில், மூன்றாம் நாள் கால் மரத்தால் யாரிடம் போவது? தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்கள் 1997 சட்டப்படி பதிவு செய்ய வேண்டும். நிரந்தர இடம் உள்ளவரிடம் அந்தச் சான்றைக் கேட்டுப் பார்க்கலாம், கேட்பதில் தப்பே இல்லை. கழுத்தைத் தொட வேண்டாம் என்று சொல்லும் உரிமை மேசையில் படுத்தபிறகும் உண்டு.

எங்கள் பக்கமும் மாற வேண்டும். வீடுதேடி வரும் சுகாதாரத் தன்னார்வலர்கள் இருமல் உள்ளவரிடம் கேட்கும் காய்ச்சல், எடை குறைவுக் கேள்விகளை, ஒரு மாதத்துக்கு மேல் முதுகு வலிக்கிறவரிடமும் கேட்க வேண்டும். எக்ஸ்ரேவுக்கு அனுப்புகிறவர் தட்டிப் பார்த்து, வலிக்கும் எலும்பைக் குறித்து அனுப்ப வேண்டும். இந்த இரண்டும் நடந்திருந்தால் சித்திரைக்குள்ளேயே நோய் தெரிந்திருக்கும்.

முகாம் நடத்துபவரிடம் அப்புறமும் பேசினேன். முன்பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்தார். கூடாதவர்களின் பட்டியலைத் தமிழில் எழுதி அனுப்பியிருந்தேன். அடுத்த முகாமுக்கு அவர் அச்சடித்த பதிவுப் படிவத்தில் ராத்திரி வலி, காய்ச்சல், எடை குறைவு, கால் மரப்பு, சிறுநீர்த் தடை ஆகியவற்றுக்குக் கட்டம் போட்டிருந்தார். எதிலாவது டிக் விழுந்தால் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரவும் என்று கீழே ஒரு வரியும் இருந்தது. கழுத்தைத் திருப்புவதன் ஆபத்தைச் சொல்லிச் சம்மதம் கேட்கும் வரி மட்டும் இன்னும் அதில் இல்லை. அதையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.